மாமா வாங்கிய உயரமான ஸ்டாண்டுகள்

என் அக்கா வீட்டுக்காரரை அவர் வேலை பார்க்கும் கட்டடத்தில் யாரும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. லாரி என்றுதான் சொல்வார்கள். அங்கே லிஃப்ட் இயக்குவது அவர் வேலை. உள்ளே எட்டுப் பேர் ஏறலாம் என்று தகட்டில் எழுதியிருக்கும். மாமா உள்ளே நின்றால் ஐந்தாவது ஆளே கொஞ்சம் யோசித்துவிட்டுத்தான் காலை எடுத்து வைப்பான். உடம்பு அவ்வளவு பெரிது. அதற்குள் இருக்கிற பிடிவாதம் அதைவிடப் பெரிது என்பது எனக்கும் அக்காவுக்கும்தான் தெரியும்.

நான் தையற்காரன். எலும்பும் தோலுமாக இருப்பேன். அக்கா என்னை நூலு என்று கூப்பிடுவாள். அவர்கள் வீட்டு மாடியறையில்தான் என் தையல் மிஷினும் படுக்கையும். "ஒரு வீட்ல லாரியும் இருக்கு, அதைக் கட்டி இழுக்க நூலும் இருக்கு, இனி எனக்கு என்ன கவலை" என்று அக்கா விருந்தாளிகளிடம் சொல்லிச் சிரிப்பாள். அவள் அப்படிச் சிரித்து நாளாயிற்று.

அக்காவுக்கு இரண்டு சிறுநீரகமும் வேலை செய்வதை நிறுத்திவிட்டன. ஒரு நாள் விட்டு ஒரு நாள் ஆஸ்பத்திரிக்குப் போய் டயாலிசிஸ் நாற்காலியில் சாய்ந்து, ரத்தத்தை மிஷினுக்குக் கொடுத்துத் திரும்ப வாங்கிக்கொண்டு வர வேண்டும். அவளுக்குக் கிடைத்தது விடிகாலை முறை. சொன்ன நேரத்துக்கு ஆள் வரவில்லையென்றால் வெளியே காத்திருக்கும் அடுத்தவருக்கு நாற்காலி போய்விடும். அதைக் குற்றம் சொல்ல வாய் வராது. அவருக்கும் அது உயிர்தானே. எங்கள் வீடோ கல் அறுக்கும் பட்டறைகளையெல்லாம் தாண்டி, ஊர் முடிகிற இடத்தில். முதல் பஸ் வரும்போது வெயில் வந்திருக்கும். அதனால் மாமாவின் அந்தப் பழைய சின்னக் கார்தான் எங்களுக்கு ஆம்புலன்ஸ்.

காரை மாமாவே பழுது பார்த்துக்கொள்வார். வீட்டுப் பக்கவாட்டில் தகரக் கூரை போட்ட ஒரு ஷெட். சுவரில் ஆணி அடித்து வரிசையாக ஸ்பேனர்கள். அந்தக் காலத்தில் ஞாயிற்றுக்கிழமை என்றால் அவர் பாதி உடம்பு காருக்கு அடியிலும் பாதி வெளியிலுமாகக் கிடப்பார். பிரேக்கில் காற்று ஏறிவிட்டால் அதை எடுக்க இரண்டு பேர் வேண்டும். ஒருவர் உள்ளே உட்கார்ந்து பெடலை மிதிக்க, இன்னொருவர் அடியில் படுத்துத் திருகாணியைத் திறந்து மூட வேண்டும். மிதிக்கிற வேலை அக்காவுடையது. "மிதி", "பிடி", "விடு" என்று கீழேயிருந்து மாமா சத்தம் கொடுக்க, "மிதிச்சாச்சு", "பிடிச்சாச்சு", "விட்டாச்சு" என்று மேலேயிருந்து அக்கா பதில் கொடுப்பாள். நான் மாடியில் துணி வெட்டியபடி கேட்டுக்கொண்டிருப்பேன். புருஷன் பெண்டாட்டி இவ்வளவு ஒற்றுமையாகப் பேசிக்கொள்வது வாரத்துக்கு அந்த ஒரு வேளைதான் என்று நினைத்துக்கொள்வேன்.

அப்படி ஒரு ஞாயிற்றுக்கிழமைதான் அது நடந்தது. மாமா ஜாக்கியை மட்டும் வைத்துத் தூக்கிவிட்டு அடியில் போயிருந்தார். இத்தனை வருஷம் ஒன்றும் ஆகவில்லையே என்கிற தைரியம். அக்கா ஏறி உட்கார்ந்து கதவைச் சாத்தினாள். ஜாக்கி சாய்ந்துவிட்டது. கழற்றிய சக்கரத்தைப் பக்கவாட்டுச் சட்டத்துக்கு அடியில் தள்ளிவைக்கும் பழக்கம் அவருக்கு உண்டு. கார் அதன் மேல் உட்கார்ந்ததால் உயிர் தப்பியது. ஆனால் நெஞ்சின் மேல் இரும்பு அழுத்திக்கொண்டிருந்தது. நானும் பக்கத்து வீட்டுக்காரர்களும் ஓடி வந்து பம்பரைப் பிடித்துத் தூக்கும்வரை அவர் கத்தவில்லை. கத்துவதற்கு மூச்சு வேண்டுமே. அக்காதான் இரண்டு பேருக்கும் சேர்த்துக் கத்தினாள்.

உடைந்த விலா எலும்பு சேர்ந்துவிட்டது. அதற்குப் பிறகு மாமா காருக்கு அடியில் போகவே இல்லை. மல்லாந்து படுப்பதுகூட இல்லை. நாற்காலியில் உட்கார்ந்தே தூங்கப் பழகிக்கொண்டார். லிஃப்டுக்குள் நாள் முழுக்க நிற்கிறாரே, அங்கே பயமில்லையா என்று ஒருமுறை கேட்டேன். "அதுல கதவு திறக்கும்டா" என்றார். நான் ஒரு ஜோடி ஸ்டாண்டு வாங்கிக் கொண்டுவந்து கொடுத்தேன். குட்டையாக, கால் அகட்டி, யார் தள்ளினாலும் அசையாத மாதிரி நிற்கும். தூக்கிய காரை ஜாக்கியை நம்பி விடாமல் அதன் மேல் இறக்கிவிட்டால் பயமில்லை. மாமா அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "நல்லாத்தான் இருக்கு. ஆனா இதுல நின்னா எனக்கும் வண்டிக்கும் நடுவுல ஒரு சாண்தானே மிச்சம்" என்றார். அது அப்படியே சுவரில் தொங்கியது.

பிறகு அக்காவுக்கு நோய் வந்தது. உடம்பில் நீர் சேர்ந்துவிட்டால் அவளாலும் மட்டமாகப் படுக்க முடியாது, மூச்சு முட்டும். முன்பு மாமா ஜாக்கிக்கு அண்டை கொடுக்க வைத்திருந்த இரண்டு கனமான மரக்கட்டைகளைக் கழுவித் துடைத்து அவள் கட்டிலின் தலைமாட்டுக் கால்களுக்கு அடியில் வைத்தார். "காருக்கு வைக்கிற கட்டை எனக்கு. இனி டயரும் மாத்திடுவீங்களா?" என்று அக்கா கேட்டாள். அவள் கட்டிலில் பாதி உட்கார்ந்தபடி, அவர் பக்கத்து நாற்காலியில் முழுக்க உட்கார்ந்தபடி. இரண்டு பேரும் உட்கார்ந்தே தூங்குகிற வீடு எங்களுடையது.

இந்த நிலைமையில்தான் கார் படுத்துவிட்டது. ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பும் வழியில் கிளட்ச் பெடல் தரையோடு ஒட்டிக்கொண்டது, கியர் விழவில்லை. தெரிந்தவர்கள் தள்ளி வந்து ஷெட்டில் விட்டார்கள். பட்டறைக்காரர் வந்து குனிந்து பார்த்தார்.

"கிளட்ச் சிலிண்டர் போச்சுங்க. எண்ணெய் பூரா ஒழுகிடுச்சு. எங்கிட்ட ஏற்கெனவே வண்டிங்க வரிசையா நிக்குது. அடுத்த வாரம் கொண்டாங்க."

"அடுத்த வாரம்னா வீட்ல உடம்பு சரியில்லைங்க" என்றார் மாமா.

"எல்லார் வீட்லயும் ஏதோ ஒண்ணு இருக்குங்க" என்று சொல்லிவிட்டு அவர் போய்விட்டார்.

அடுத்த முறைக்கு வாடகைக் கார் சொல்லிவைத்தோம். அந்தப் புண்ணியவான் இதோ வருகிறேன், இதோ வருகிறேன் என்று போனிலேயே வண்டி ஓட்டினான். நாங்கள் போய்ச் சேர்ந்தபோது அக்காவின் நாற்காலியில் வேறு யாரோ சாய்ந்திருந்தார்கள். நாள் முழுக்க நடைபாதை பெஞ்சில் உட்கார்ந்து, கடைசியில் மீதியிருந்த நேரத்தில் அரைகுறையாக மிஷினில் போட்டு அனுப்பினார்கள். வீட்டுக்கு வரும்போதே கால் இரண்டும் வீங்கியிருந்தன. முகமும் ஊதத் தொடங்கியிருந்தது. "அடுத்த தடவை நேரத்துக்கு வந்துடணும், முழுசா எடுத்தே ஆகணும். தவறினா நெஞ்சுக்கு ஏறிடும்" என்று நர்ஸம்மா மாமாவைத் தனியாகக் கூப்பிட்டுச் சொல்லியிருக்கிறார். மாமா அதை அப்போது எங்களிடம் சொல்லவில்லை. அவர் முகமே சொல்லிவிட்டது. இனி வாடகைக் காரை நம்பி உட்கார முடியாது. அவசரத்துக்குக் கார் கொடுக்கக்கூடிய ஒரே தெரிந்தவரும் அந்த வாரம் ஊரில் இல்லை.

மறுநாள் ஒரு நாள்தான் கையில் இருந்தது. அதற்கு அடுத்த விடிகாலை அக்கா நாற்காலியில் இருந்தாக வேண்டும்.

புது சிலிண்டர் உதிரிபாகக் கடையில் கிடைத்துவிட்டது. உள்ளங்கையில் அடங்குகிற சாமான். இரண்டு போல்ட், ஒரு குழாய், பிறகு காற்று எடுப்பது. வேலை அவ்வளவுதான். ஆனால் அது இருக்கிற இடம் காருக்கு அடியில்.

"நான் பண்ணிடறேன்" என்றார் மாமா. சொல்லும்போதே நெற்றியில் வேர்வை. "வண்டி மட்டும் நல்லா உசரமா நிக்கணும். காலை மடக்கிப் படுக்கற அளவுக்கு. முட்டி மேல இடிக்கலைன்னா எனக்கு ஒண்ணும் ஆகாது. இப்ப உசரமான ஸ்டாண்டு வருதாம்."

"நான் போறேன் மாமா. நான் ஒல்லி."

"உனக்கு ஸ்பேனருக்கும் கத்திரிக்கோலுக்கும் வித்தியாசம் தெரியாது. பேசாம டேப்பை எடுத்துட்டு வா."

ஷெட்டின் சிமெண்ட் தரையில் அவர் மெதுவாக, சுவரைப் பிடித்துக்கொண்டு மல்லாந்து படுத்தார். மேலே கார் இல்லை, கூரைதான். அப்படியும் மூச்சு இரைத்தது. முழங்காலை மடக்கினார். நான் தையல் டேப்பைத் தரையில் ஊன்றி முட்டிவரை அளந்தேன். "இன்னும் நாலு விரல் சேர்த்துக்க" என்றார். சேர்த்தேன். "வயித்தை மறந்துடாதே" என்றார். வயிற்றையும் அளந்தேன். எத்தனையோ பேருக்குச் சட்டை அளவு எடுத்திருக்கிறேன், பயத்துக்கு அளவு எடுத்தது அன்றுதான்.

பஸ் பிடித்து இரும்புச் சாமான் கடைத் தெருவுக்குப் போனோம். கடைக்காரர் மூன்று உயரத்தில் ஸ்டாண்டுகளை எடுத்து வரிசையாக வைத்தார். கட்டை விரலில் பிளாஸ்திரி போட்டிருந்தார். குட்டை வகை எங்கள் சுவரில் தொங்குவதைப் போலத்தான். நடு வகை அதற்குக் கொஞ்சம் மேலே. மூன்றாவது என் முட்டியையும் தாண்டி நின்றது.

"இது ஜீப்பு, சரக்கு வண்டிக்குங்க. உங்களுக்கு என்ன வண்டி?"

மாமா சொன்னார்.

"அந்தக் குட்டி வண்டிக்கா? அதுக்கு இவ்வளவு உசரம் எதுக்கு?"

"வண்டிக்கு இல்ல. எனக்கு."

கடைக்காரர் மாமாவை மேலிருந்து கீழே பார்த்தார். சிரிக்கவில்லை, அதற்காகவே அவரை எனக்குப் பிடித்தது. பொறுமையாகச் சொன்னார். உயரம் கூடக் கூட ஆட்டமும் கூடும், அதனால் கால் அகலத்தைப் பார்த்து வாங்க வேண்டும். நடுத்தண்டில் ஓட்டை போட்டுக் கம்பியைக் குறுக்கே செருகிப் பூட்டுகிற வகை நல்லது, எவ்வளவு அதிர்ந்தாலும் இறங்காது. மேல் தலை வளைந்து பள்ளமாக இருக்க வேண்டும், சட்டம் அதில் உட்கார்ந்து வழுக்காமல் இருக்கும். மாமா எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். எத்தனை டன் தாங்கும் என்று கேட்டார். சொன்னதும் "அப்ப என்னையும் தாங்குமில்ல?" என்று கேட்டுவிட்டு அதன் தலைமேல் உட்கார்ந்தே பார்த்துவிட்டார். கடையில் இருந்த எல்லோரும் மூச்சைப் பிடித்துக்கொண்டார்கள். ஸ்டாண்டு அசையவில்லை.

"ஒண்ணே ஒண்ணு கேட்டுக்கறேன்" என்றார் கடைக்காரர். "இதைத் தாழ்த்தி வெச்சாலே இந்த உசரம் இருக்கும், இதுக்குக் கீழ வராது. உங்க ஜாக்கி இவ்வளவு தூக்குமா?"

"தூக்கும்" என்றார் மாமா.

அவர் சொன்ன தோரணையில் கடைக்காரரும் நம்பினார், நானும் நம்பினேன். எங்கள் கையில் டேப் இருந்தது. மாமாவின் முட்டி, வயிறு எல்லாம் அளந்தாயிற்று. ஜாக்கியை மட்டும் இரண்டு பேரும் அளக்கவில்லை. அளவெடுத்துப் பிழைக்கிறவன் நான். என் தலையில் நானே அடித்துக்கொள்ள வேண்டும்.

பஸ்ஸில் ஆளுக்கொரு ஸ்டாண்டை மடியில் வைத்துக்கொண்டு வந்தோம். மாமா வழியெல்லாம் அதைத் தடவிக்கொண்டே வந்தார். கொஞ்சம் தெளிவாக இருந்தார். நாளைக்கு ஆஸ்பத்திரியில் அக்கா இறங்கியதும் இருவரும் ஒரு டீ குடிக்கலாம் என்றார்.

ஷெட்டில் பின்சக்கரங்களுக்குக் கல் வைத்துவிட்டு முன்பக்கம் ஜாக்கியைப் போட்டார். கைப்பிடியை அடிக்க அடிக்கக் காரின் மூக்கு எழுந்தது. ஒரு கட்டத்தில் ஜாக்கியின் தலை நின்றுவிட்டது. எவ்வளவு அடித்தும் மேலே போகவில்லை. மாமா உயரமான ஸ்டாண்டைச் சட்டத்துக்கு அடியில் தள்ளினார். தலை இடித்தது. கம்பியை உருவி, இருக்கிறதிலேயே தாழ்ந்த ஓட்டைக்கு இறக்கி மறுபடி தள்ளினார். மறுபடி இடித்தது. இன்னும் ஒரு கையளவு உயர்ந்தால்தான் உள்ளே போகும்.

மாமா ஸ்டாண்டைப் பார்த்தார், ஜாக்கியைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். முகத்தில் ஈயாடவில்லை.

"கடைக்காரர் கேட்டாரே மாமா!" என்று நான் கத்திவிட்டேன். "காதுல வாங்கவே இல்லையா? இப்ப என்ன செய்யறது? திரும்ப பஸ் ஏறிப் போயிட்டு வர்றதுக்குள்ள கடையைச் சாத்திடுவானே!"

அவர் கார் மூக்கை இறக்கிவிட்டு வீட்டுக்குள் போனார். கோபித்துக்கொண்டு போகிறார் என்று நினைத்தேன். போகட்டும் என்றும் நினைத்தேன். திரும்பி வந்தபோது அவர் கையில் ஒரு மரக்கட்டை இருந்தது. எங்கிருந்து கிடைத்தது என்று நான் கேட்கவில்லை. கார் பழுதாகிற வீட்டில் கட்டைக்கா பஞ்சம்?

கட்டையை ஜாக்கியின் தலைமேல் நிறுத்திவைத்தார். "வேணாம் மாமா, அது நழுவும்" என்றேன். "ஒரு கையளவுதானே" என்றார். மறுபடி அடிக்கத் தொடங்கினார். கார் எழுந்தது, முன்பைவிட மேலே. கட்டையும் இரும்பும் உரசிக் கிறீச்சிட்டது. மாமா ஸ்டாண்டை எடுத்துக்கொண்டு குனிந்தார். அவர் கை சட்டத்துக்கு அடியில் போகப் போன நேரம் கட்டை பக்கவாட்டில் திரும்பியதை நான் பார்த்தேன். அவர் சட்டைக் காலரைப் பிடித்து இழுத்தேன். அந்த உடம்பை எப்படி இழுத்தேன் என்று இன்றுவரை எனக்கு விளங்கவில்லை. கார் தடாரென்று சக்கரத்தில் விழுந்தது. தகரக் கூரையே அதிர்ந்தது. சுவரில் இருந்த ஸ்பேனர்கள் ஒவ்வொன்றாகக் கீழே விழுந்தன.

சத்தம் அடங்குவதற்குள் வீட்டுக்குள்ளிருந்து அக்காவின் குரல் வந்தது. அந்தக் குரலை நான் முன்பு ஒருமுறை கேட்டிருக்கிறேன். அவள் செருப்புக்கூடப் போடாமல், வீங்கிய காலை இழுத்து இழுத்து, சுவரைப் பிடித்துக்கொண்டு வந்து ஷெட் வாசலில் நின்றாள். மாமா என் மேல் சாய்ந்து தரையில் கிடந்தார். அவர் கண் திறந்திருக்கிறதா, கை கால் இருக்கிறதா என்று அவள் கண்ணாலேயே தேடினாள். இருந்தது. உட்கார்ந்துவிட்டாள். பேச மூச்சு இல்லை.

அப்போதுதான் அவள் கண்ணில் அந்தக் கட்டை பட்டது. பிளந்து, பாதி காருக்கு அடியிலும் பாதி வெளியிலுமாகக் கிடந்தது.

"அது என் கட்டில் கட்டை" என்றாள்.

மாமா தலையைத் தூக்கவில்லை.

"படுக்கலாம்னு போனேன். ஒரு பக்கம் கட்டில் தாழ்ந்து கிடக்கு. எனக்குத்தான் தலை சுத்துதோன்னு நினைச்சேன்." நிறுத்தி நிறுத்திச் சொன்னாள். "என்னை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போறதுக்கு நீங்க இதுக்கு அடியில போய்ச் சாகப் போறீங்களா? அப்புறம் யாருங்க வண்டி ஓட்டறது? நூலா? அவனுக்கு சைக்கிளே ஒழுங்கா ஓட்டத் தெரியாது."

"எனக்கு வேற வழி தெரியலம்மா" என்றார் மாமா. அவ்வளவு பெரிய மனுஷன் அழுதார். "கிட்டப் போனாலே மூச்சு நிக்குது. உனக்காகக்கூட என்னால போக முடியலையே. நான் என்ன மனுஷன்?"

எனக்கு என்மேல் கோபம் வந்தது. இத்தனை நாள் கேலி பேசிக்கொண்டு மாடியில் துணி தைத்துக்கொண்டிருந்தவன் நான். எழுந்துபோய்ச் சுவரில் தொங்கிய குட்டை ஸ்டாண்டுகளை இறக்கினேன். தூசி தட்டினேன்.

"மாமா, எனக்கு ஒரு சாண் போதும். நான் போறேன். ஸ்பேனர் எதுன்னு மட்டும் சொல்லுங்க."

இந்தமுறை அவர் மறுக்கவில்லை. ஜாக்கி அதன் அளவுக்கு மட்டும் தூக்கியது. குட்டை ஸ்டாண்டுகள் இரண்டும் சட்டத்துக்கு அடியில் இடிக்காமல் போய் உட்கார்ந்தன. காரை அவற்றின் மேல் இறக்கினார். பிறகு எழுந்துபோய் இடுப்பால் காரை முட்டினார். லாரி முட்டினால் எப்படி இருக்கும்! கார் அசையவில்லை. மறுபக்கம் போய் அங்கேயும் முட்டினார். இருந்த மாற்றுச் சக்கரத்தையும் சட்டத்துக்கு அடியில் தள்ளினார். அதற்கு மேலும் ஏதாவது இருக்கிறதா என்று கையைப் பிசைந்துகொண்டு சுற்றிச் சுற்றிப் பார்த்தார்.

"போ" என்றார் கடைசியில். அவர் குரலே எனக்குப் பயமாக இருந்தது.

உள்ளே போனேன். மூக்குக்கு நேராகக் கருப்பாக, எண்ணெய்ப் பிசுக்கோடு, அத்தனை இரும்பு. தலையைத் திருப்பினால் கன்னத்தில் உரசும். எனக்கு எதிலும் பயமில்லை என்று எண்ணிக்கொண்டிருந்தவன் நான். நெஞ்சு திக்குத் திக்கென்று அடித்து, மேலே இருக்கும் தகட்டிலேயே கேட்கிற மாதிரி இருந்தது. அப்போது ஒரு கை வந்து என் கணுக்காலைப் பிடித்தது. பெரிய, வேர்த்த கை.

"பிடிச்சிருக்கேன் மச்சான். ஏதாவதுன்னா இழுத்துடுவேன். உன் எடைக்கு ஒரே இழுப்பு" என்றார்.

தரையில் கன்னத்தை வைத்து, ஒரு கண்ணால் உள்ளே பார்த்தபடி அவர் சொல்லச் சொல்ல நான் செய்தேன். இடதுபக்கம் பார், குழாய் தெரியுதா, அதுக்குப் பக்கத்துல ரெண்டு போல்ட், சின்ன ஸ்பேனர் இல்ல, அதுக்கு அடுத்தது. ஒரு போல்ட் இறுகியிருந்தது. மறுபக்கம் திருப்பிவிட்டேன் போலிருக்கிறது, "உன் தலை! இடதுபக்கம்!" என்று கத்தினார். பழைய சிலிண்டர் கழன்று வந்து என் நெஞ்சில் விழுந்தது. எண்ணெய் காதுக்குள் வழிந்தது. புதியதைப் பொருத்தினேன். ஒவ்வொரு தடவையும் அவர் பிடி இறுகித் தளர்வது எனக்குத் தெரிந்தது. நான் உள்ளே மூச்சு விட்ட மாதிரியே அவரும் வெளியே விட்டார்.

இனி புது எண்ணெய் ஊற்றிக் காற்று எடுக்க வேண்டும். பிரேக்குக்குப் போலவே, யாராவது உள்ளே உட்கார்ந்து கிளட்ச் பெடலை மிதிக்க வேண்டும்.

"நான் ஏறறேன்" என்றாள் அக்கா.

"வேணாம். அன்னைக்கு..." என்று மாமா தொடங்கினார்.

"அன்னைக்கு நான் ஏறினதாலதான் சாஞ்சுது. எனக்குத் தெரியும். நீங்க ஒரு நாளும் சொல்லல, அதுவும் எனக்குத் தெரியும். நீங்க அவன் காலை விடக் கூடாது. வேற யாரு இருக்கா?"

கதவு திறந்தது. நான் கண்ணை மூடிக்கொண்டேன். என் கணுக்காலில் இருந்த கை எலும்பு நொறுங்குகிற மாதிரி இறுகியது. அக்கா மெல்ல, ஒரு பிடி பஞ்சு வைக்கிற மாதிரி சீட்டில் உட்கார்ந்தாள். கதவைச் சாத்தவில்லை. கார் அசையவில்லை.

"மிதி" என்றேன் நான்.

"மிதிச்சாச்சு." அந்த வீங்கிய காலால் எப்படி மிதித்தாளோ.

"பிடி."

"பிடிச்சாச்சு."

திருகாணியைத் திறந்தேன். குமிழும் எண்ணெயுமாக வந்தது. மூடினேன். "விடு."

"விட்டாச்சு."

குமிழ் நிற்கும்வரை சொல்லிக்கொண்டே இருந்தோம். இடையில் ஒருமுறை அக்காவின் பதில் வரவில்லை. "அக்கா!" என்று கத்தினேன். மாமா என் காலைப் பிடித்தபடி இருக்கவும் முடியாமல், விட்டு எழவும் முடியாமல் தவித்தார். கொஞ்சம் கழித்து, "இருக்கேண்டா. மூச்சு வாங்கிக்கறேன். மிதிச்சாச்சு" என்றாள்.

விடியுமுன் கார் கிளம்பியது. கியர் வெண்ணெய் மாதிரி விழுந்தது. அக்கா பின்சீட்டில் என்மேல் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். அவள் மூச்சில் களகளவென்று நீர்ச் சத்தம் கேட்டது. நாங்கள் போனபோது நாற்காலி காலியாக இருந்தது. நர்ஸம்மா அவள் காலைத் தொட்டுப் பார்த்துவிட்டு அவசரமாக ஊசியைச் செருகினார். "நேரத்துக்கு வந்தீங்க" என்று மட்டும் சொன்னார். இந்தத் தடவை பிழைத்தாள் என்று அர்த்தம். ஒரு நாள் விட்டு மறுபடி. அப்புறமும் மறுபடி.

மாமா டீ வாங்கி வருவார் என்று வெளியே உட்கார்ந்திருந்தேன். வரவில்லை. வண்டி நிறுத்தும் இடத்துக்குத் தேடிப் போனேன். காருக்குப் பக்கத்தில் இரண்டு பெரிய கால்கள் தெரிந்தன. எனக்கு உயிரே போய்விட்டது.

கார் நான்கு சக்கரத்திலும் சரியாகத்தான் நின்றது. மாமா தரையில் மல்லாந்து கிடந்தார். அவர் உடம்புக்கு அதற்கு அடியில் தலையும் ஒரு தோளும்தான் போகும். அதைத்தான் உள்ளே நுழைத்திருந்தார். நான் பார்க்கப் பார்க்க, திணறி வெளியே வந்தார். வானத்தைப் பார்த்து நாலு மூச்சு விட்டார். மறுபடி உள்ளே போனார். சட்டையெல்லாம் நனைந்திருந்தது. எவ்வளவு நேரமாக இப்படிச் செய்துகொண்டிருந்தாரோ.

"என்ன மாமா இது? எந்திரிங்க. யாராவது பாத்தா என்ன நினைப்பாங்க?"

"அவ உள்ள மிஷின்ல கிடக்கா" என்றார் அடியிலிருந்து. பல் கிட்டியிருந்தது குரலில் தெரிந்தது. "அவளுக்கு மூச்சு முட்டினா எந்திரிச்சு ஓட முடியுதா? ரெண்டு குழாயைச் செருகி வெச்சிருக்காங்க. அவ கிடக்கத்தானே செய்யறா. அவ எந்திரிக்கிற வரைக்கும் நானும் கிடந்து பழகறேன். அடுத்த தடவை நீ ஊர்ல இல்லைன்னா?"

"நான் எங்க மாமா போகப் போறேன்?"

அவர் கால்கள் நடுங்குவது தெரிந்தது. நான் தரையில் உட்கார்ந்து, இரண்டு கையாலும் அவர் கணுக்காலைப் பிடித்துக்கொண்டேன்.